நெடுக்காக நிறுத்திய திரை

கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தியதும் வெளியே கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் சிரிப்பும் சட்டென்று அறுந்துபோயின, அப்பாடா என்றிருந்தது அருமைநாதனுக்கு. அறுபத்தொன்பது வயதில் ஒரு கிளைடருக்குள் காலை நீட்டிச் செருகி முக்கால்வாசி மல்லாந்து கிடப்பது பெட்டிக்குள் இறக்குவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை மாதிரிதான், அதிலும் இது ஒற்றை ஆள் கிளைடர், இரண்டு தோளும் இரண்டு பக்கச் சுவரில் முட்டின, முட்டிகளுக்கு நடுவே கட்டுப்பாட்டுக் கோல், முகத்துக்கு எதிரே ஒரு முழம் தள்ளிப் பேனல். வேகம் காட்டும் முள், உயரம் காட்டும் முள், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் முள், மூன்றையும் பிரித்துத் துடைத்துச் சரிபார்த்து மாட்டியது அவர்தான், இந்த மூன்று முட்களும் அவரிடம் பொய் சொன்னதில்லை, மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்றால் முடியாது. மூன்றுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு காலி இடம் இருந்தது. அந்த இடத்தில் எந்தத் திரையை மாட்டுவது என்பதுதான் இன்றைய கேள்வி, கேள்விகூட இல்லை, காலையிலேயே கிளைடர் கிளப்பில் ஓட்டுப் போட்டு முடிவாகிவிட்டது, இவர் செய்ய வேண்டியதெல்லாம் ஜெயித்த திரையை இரட்டைப்பக்க டேப்பால் அந்த இடத்தில் ஒட்டி, வெயிலில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்து, பொருத்தமானது என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவது. இரண்டு மணிக்குக் கடைக்காரன் வேன் வரும், வேண்டாத திரையை எடுத்துக்கொண்டு போகும். இப்போது ஒன்று ஆக எட்டு நிமிடம். மடியில் தோற்றுப்போன சின்னத் திரை கிடந்தது, எதிரே ஜெயித்த பெரிய திரை, இரண்டுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தார். இடது பக்கம் காற்று வரும் சின்னச் சன்னலைத் தள்ளித் திறந்தார், சித்திரை வெயிலின் காற்றுதான் உள்ளே வந்தது, அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி.

பெரிய திரை அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, காலையில் கிளப் கொட்டகையில் மேஜை மேல் குறுக்காகப் படுக்க வைத்து ஏற்றிக் காட்டியபோது எல்லாரும் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிட்டார்கள், காடு பச்சை, ஏரி நீலம், சாலை மஞ்சள், விரலால் தொட்டால் விரிகிறது, கிள்ளினால் சுருங்குகிறது. இஞ்சின் இல்லாத வண்டி இது, தரையில் நிற்கும் வின்ச் எந்திரத்தின் கயிறு ஆயிரம் அடிக்கு இழுத்துவிட்டுக் கழன்றுகொள்ளும், அதற்கு மேல் தரையிலிருந்து கிளம்பும் சூட்டுக் காற்றுதான் பெட்ரோல், அந்தக் காற்று எங்கேயாவது நின்றுபோனால் இருக்கிற உயரத்தை வைத்துக்கொண்டு எந்த வயலை எட்டிப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்குத்தான் திரை. பெரியது அதை வண்ணமாகச் சொன்னது. சின்னது கறுப்பு, சாம்பல், அவ்வளவுதான், பக்கவாட்டில் நாலு பொத்தான், பழைய கால்குலேட்டருக்குத் தம்பி. இரண்டையும் காட்டி இது இப்படி, அது அப்படி என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான் அவர் வேலை. உட்கார்ந்தாரா? எழுந்து நின்றால் பேச்சு வந்துவிடுகிறது, நாற்பது வருடப் பழக்கம், பதினொரு பேர் முகம் எதிரே இருந்தால் பதினொரு ஆயிரமாகத் தெரிகிறது, குரல் தானாக அடிவயிற்றுக்கு இறங்குகிறது, பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு வானத்தில் இடமில்லை என்று ஒரு வாக்கியம் எங்கிருந்தோ வந்து விழுந்தது, யார் கேட்டார்கள் அந்த வாக்கியத்தை? கை தட்டினார்கள். பெரியதுக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றார். பத்துக் கை உடனே எழுந்தது. பதினோராவது கை, இந்தக் கிளைடரை ஓட்டப்போகிற இன்பவல்லியுடையது, அது எழுவதற்கு முன்னால் அவள் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்தது. பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று அவர் அறிவித்தபோது நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியது உண்மை, கிழட்டு நாயின் வாலில் மிச்சமிருக்கிற ஆட்டம் போல.

அந்தப் பார்வை ஏன் இப்போது ஞாபகத்தில் வந்து நிற்கிறது. பேனலைப் பார்க்கச் சொன்னால் மனசு எதைப் பார்க்கிறது. சூரியன் உச்சியில் நின்று அடித்தது, திரையில் வரைபடத்துக்குப் பதிலாக அவருடைய வெள்ளைச் சட்டையும் நரைத்த மீசையும் தெரிந்தன, அதற்கடியில் எங்கேயோ பச்சை நிறம் சாயம் போன வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது, தலையைச் சாய்த்தால் கொஞ்சம் தெரிந்தது, நிமிர்ந்தால் மீசை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், ஒரு காலத்தில் அதையும் போட்டார், சிவப்புத் துண்டும் போட்டார், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டபோதும் உள்ளே இருந்தது விமானக் கருவித் தொழிற்சாலையின் காக்கிதான், ஃபிட்டர், இரண்டாம் நிலை, டோக்கன் எண் நாலாயிரத்து எழுபத்தாறு. எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். மற்றதெல்லாம் நாலணாப் பிரசுரங்கள், ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கத்தில் மை ஊறித் தெரியும் மட்டமான காகிதம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தது, உபரி என்றால் என்ன, கூலி என்றால் என்ன, சரித்திரம் எந்தப் பக்கமாக நகர்கிறது, எல்லாவற்றுக்கும் பதினாறு பக்கத்துக்குள் பதில் இருந்தது. பெரிய படிப்புப் படித்த நிர்வாகிகளை எதிரே உட்கார வைத்து அந்தப் பதினாறு பக்கத்தால் வாயடைத்திருக்கிறார், அதை இந்த டாக்டர்களுக்கும் கம்ப்யூட்டர் பையன்களுக்கும் எப்படிச் சொல்வது, அவர்களுக்குத் தோழர் என்பது ஒரு செல்லப் பெயர், டைகர் என்று நாய்க்கு வைப்பது போல. அப்புறம் அவரே பிரசுரம் எழுத ஆரம்பித்தார். பதினாறு பக்கத்துக்குள் பதில் இல்லாத விஷயம் உலகத்தில் உண்டு என்று எந்தப் பிரசுரத்திலும் போட்டிருக்கவில்லை.

டொக் டொக் என்று மூடியில் தட்டினார்கள். கிளப் செயலாளர் சேஷகிரி, பல் டாக்டர், கையில் காகிதத் தட்டு.

"தோழர், உள்ள என்ன, உண்ணாவிரதமா?"

"இன்னும் அறிவிக்கல டாக்டர்."

"அறிவிச்சுட்டு இருங்க, பந்தல் போட்டுடலாம். ஓட்டுப் போட்டாச்சு, பதினொண்ணுக்குப் பூஜ்யம். நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் எதுக்கு உள்ள உக்காந்து வேகறீங்க? கையெழுத்தப் போட்டுட்டு வாங்க, புளியோதரை காலியாயிட்டிருக்கு."

"வெயில்ல பாக்காம கையெழுத்துப் போடறதில்ல. அது ரூல்."

"யார் போட்ட ரூல் அது?"

"நான் போட்டதுதான்."

"போச்சுடா" என்று சிரித்துக்கொண்டே போனார் டாக்டர், போகும்போது "இன்பா, உங்க பெரியப்பாவுக்குக் கண்ணு கூசுது, உன் கூலிங்கிளாஸக் குடு" என்று கத்தியது சன்னல் வழியாகக் கேட்டது.

இன்பவல்லி ஓடிவந்து கண்ணாடியைச் சன்னல் இடுக்கில் நீட்டினாள், "மெதுவா பாருங்க பெரியப்பா, அவர் கெடக்கறார்" என்றாள், முப்பத்தைந்து வயதுக்காரி, கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள், ஓடுவது மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அடுத்த ஞாயிறு முந்நூறு கிலோமீட்டர் போகப் போகிறவள் அவள்தான். காலை பத்துக்குக் கிளம்பி, தேன்கனிக்கோட்டைக் காட்டின் ஓரமாகத் தெற்கே போய், திரும்பி, சாயங்காலத்துக்குள் இங்கேயே இறங்க வேண்டும், அந்தப் பட்டம் இந்தக் கிளப்பில் இன்னும் யாருக்கும் இல்லை. காடு என்றால் இறங்க இடமில்லை. காட்டுக்கு இந்தப் பக்கம் கேழ்வரகு வயல்கள் இருந்தன, இப்போது அங்கே ரோஜாப் பண்ணைகள், ஏக்கர் ஏக்கராக வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை, மேலிருந்து பார்க்கிறவனுக்கு வெட்டவெளி மாதிரி மினுக்கும், இறங்கினால் இரும்புக் குழாய். போன வருடம் ஒருத்தன் அவசரமாக இறங்கினான், எந்த வயலை எட்டலாம் என்று திரையில் பார்த்து முடிப்பதற்குள் உயரம் போய்விட்டது, கல் குவாரிக்குப் பக்கத்தில் வால் ஒடிந்து, இவன் இடுப்பும் ஒடிந்து, இன்னும் கைத்தடியோடுதான் நடக்கிறான். ஒரு கணத்துக்குள் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறது ஆகாயம், அழகாக இருக்கிறதா என்று கேட்பதில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒற்றைத் தலைவலிக்காரி என்பதால் கண் டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடி, இது இல்லாமல் அவளால் ஒரு மணி நேரம் வெயிலில் இருக்க முடியாது, கூச்சத்தையெல்லாம் வடிகட்டிவிடும். வெளியே புல் தழைத்தது, மேகத்துக்கு விளிம்பு வந்தது. பேனலைப் பார்த்தார். வேக முள் தெரிந்தது. உயர முள் தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு செவ்வகம். பேட்டரி போய்விட்டதா என்று ஒயரைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார், வெளுத்த வரைபடமும் மீசையும் திரும்பி வந்தன. இறக்கினார், கறுப்பு. தள்ளினார், இறக்கினார். டேப்பிலிருந்து திரையைப் பிய்த்துக் கையில் எடுத்துக் குறுக்காகத் திருப்பினார், காடும் ஏரியும் பளிச்சென்று தெரிந்தன. நெடுக்காக நிறுத்தினார், திரை இருண்டது. அவ்வளவுதான் விஷயம். மேஜை மேல் குறுக்காகக் கிடந்தபோது அது எல்லாருக்கும் தெரிந்தது, இந்தப் பேனலில் குறுக்காக வைக்க இடமில்லை, நெடுக்காகத்தான் நிறுத்த முடியும், நிறுத்தினால் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவளுக்கு அது செத்த திரை. கருவி வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் கண்ணாடிகளைப் பற்றி அவரே மற்ற ஃபிட்டர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். நிழலில், மேஜையில், கைத்தட்டலுக்கு நடுவில் தெரியாமல் போயிற்று. மடியிலிருந்து சின்னதை எடுத்துக் காலி இடத்தில் நெடுக்காகப் பிடித்தார். சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து, வெயில் நேராக விழ விழ இன்னும் கறுத்துத் துலங்கியது, கண்ணாடியோடும் தெரிந்தது, கண்ணாடி இல்லாமலும் தெரிந்தது. ஒத்திகைக்காக ஏற்றியிருந்த கணக்கில் எட்டக்கூடிய இடம், பன்னிரண்டு கிலோமீட்டர், மிச்ச உயரம், நானூற்றுப் பத்து. தபால் ஆபீஸ் ஆள் மாதிரி முகத்தைப் பார்க்காமல் விஷயத்தை மட்டும் சொன்னது.

வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. சரி, இப்போது என்ன செய்வது, செய்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, பெரியதில் ஒயர் கோளாறு என்று சொல்லிவிடலாம், பேட்டரியை அதிகம் குடிக்கிறது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, ஆறு மணி நேரம் தாங்காது, டாக்டர் உச்சுக்கொட்டிவிட்டுச் சரி என்பார், யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஓட்டும் பழுதில்லாமல் நிற்கும், பேச்சும் பழுதில்லாமல் நிற்கும். ஒரு வரி மாற்றினால் போதும். ஒரு வரியை எப்படி மாற்றுவது என்று இவருக்கா தெரியாது. எண்பத்தேழாம் வருடம், தொழிற்சாலைக் கேன்டீன், தகரக் கூரைக்கடியில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர், இட்லிப் பானை ஆவியும் பீடிப் புகையும், மேஜை மேல் ஏறி நின்று ஒரு மணி நேரம் பேசினார், அப்படிப் பேச இன்றைக்கு யாராலும் முடியாது, அந்தக் கர்வத்தை யாரும் பிடுங்க முடியாது. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள். காடு மாதிரி எழுந்தன கைகள். அந்தக் காட்டுக்கு நடுவில் ஒரு பொட்டல். லேத் பிரிவு முனிரத்தினம், அவருடைய முனிரத்தினம், ஒரே அறையில் ஆறு வருடம் பொங்கித் தின்றவன், கையைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தான். பயம் இல்லை அவன் முகத்தில், யோசனைதான் இருந்தது, சங்கத்தின் கையிருப்பு எத்தனை நாளைக்கு என்று இரண்டு நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தான், அதற்கு இவர் பதில் சொல்லவில்லை, கோழைகளின் கேள்வி என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் எழுதினார், பெயர் போடாமல். மேஜை மேலிருந்து அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயிரம் பேரும் இவர் பார்க்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கை மெதுவாக எழுந்தது. மறுநாள் காலைப் பிரசுரத்தில் ஏகமனதாக என்று கொட்டை எழுத்தில் போட்டார். வேலைநிறுத்தம் எண்பத்தோரு நாள் நடந்தது. நாற்பத்து மூன்று பேருக்குச் சீட்டுக் கிழிந்தது, அதில் இவரும் ஒருத்தர், முனிரத்தினமும் ஒருத்தன். இவருக்குத் தியாகி என்று பெயர் வந்தது, கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள். அவன் அடுக்குமாடி ஒன்றில் வாட்ச்மேனாக நின்று, மகள் ஒன்பதாவது படிக்கும்போது நுரையீரல் கெட்டுச் செத்தான். ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது, நான் தூக்கலையே அருமை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தால் டீ போட்டுக் கொடுத்தான்.

நிர்வாகம் நயவஞ்சகமாக நடந்துகொண்டது உண்மை. கோரிக்கை நியாயம் என்பதும் உண்மை. அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வார். ஆனால் இருபது நாளில் பேசி முடித்திருக்கலாம் என்று வேலைநிறுத்தத்துக்கு நடுவில் அவன் ஒருதரம் சொன்னதும் உண்மையாக இருந்திருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழக்கம்போலப் பின்வாங்கிற்று, செக்கு மாடு திரும்புகிற மாதிரி திரும்பிற்று, நிர்வாகம், நயவஞ்சகம், கோரிக்கை, நியாயம். முப்பத்தேழு வருடமாக ஒரே வட்டம். களைப்பாக இருந்தது. வெயில் களைப்பு இல்லை இது, தான் சொன்னது சரிதான் என்று தனக்கே இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்த களைப்பு. கண் மூடினால் இங்கேயே தூங்கிவிடலாம் போலிருந்தது. கண் மூடினார். மூடிய கண்ணுக்குள் காடு வந்தது, காட்டுக்கு மேல் வெள்ளையாக ஒரு சின்னக் கிளைடர், சூட்டுக் காற்று நின்றுபோன ஒரு மதியம், அவள் குனிந்து பேனலைப் பார்க்கிறாள், கண்ணாடியைக் கழற்றுகிறாள், கண் கூசுகிறது, தலையைச் சாய்க்கிறாள், மறுபடி சாய்க்கிறாள், நானூறு அடி, முந்நூற்றைம்பது, கீழே பிளாஸ்டிக் கூரை வெட்டவெளி மாதிரி மினுக்குகிறது. திடுக்கென்று விழித்து மூடியின் கொக்கியைத் தள்ளினார்.

இன்பவல்லி ஓடிவந்து மூடியைத் தூக்கிப் பிடித்தாள். அவள் கையில் ஒரு சொம்பு மோர்.

"மொதல்ல இதக் குடிங்க. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. நாப்பது நிமிஷம் ஆச்சு தெரியுமா?"

மோரைக் குடித்தார். இறங்க முயலவில்லை. காக்பிட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இது ஆகாது இன்பம்" என்றார்.

"எது?"

"பெருசு. உன் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். நெடுக்கா நிறுத்துனா ஒண்ணும் தெரியல."

"ம்" என்றாள் அவள். ஆச்சரியப்படவில்லை. அந்த ம் அவரை உறுத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"இருட்டாகும்னு தெரியாது பெரியப்பா, சந்தேகம் இருந்துச்சு. நெடுக்காதானே மாட்டணும், கண்ணாடியோட ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குக் கையத் தூக்கின?"

அவள் சிரித்தாள். அதில் குத்தல் இல்லை, அதனால்தான் அதிகம் குத்தியது. "நீங்க பேசி முடிச்சப்புறம் யாரு பெரியப்பா கையக் கீழ வெச்சிருப்பா? டாக்டரே தூக்கிட்டாரு. அவரு எதுலயும் ஒத்துக்கற ஆளா?"

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

முனிரத்தினத்தின் முகத்தில் அன்றைக்கு இருந்தது யோசனை மட்டும்தானா? அதை இத்தனை வருடம் யோசனை என்றே வைத்துக்கொண்டிருந்தார். இதுவாகவும் இருந்திருக்குமோ? ஆறு வருடம் கூடப் பொங்கித் தின்றவன், நண்பன் மேஜை மேல் நின்று ஜொலிக்கிற அந்த ஒரு நிமிடத்தைக் கெடுக்க மனசு வராமல். பேசக்கூடாது என்று தீர்மானித்தார், வாய் பேசிற்று.

"உங்கப்பன் அன்னைக்குக் கையத் தூக்கல இன்பம். கேன்டீன் மீட்டிங்ல. நான் பாத்தேன். நான் பாத்துக்கிட்டே இருந்ததுக்கு அப்புறம்தான் தூக்கினான். வெளிய எல்லாரும் ஒரே மனசா நின்னதா எழுதினேன்."

ஓடுதளத்தின் கோடியில் வின்ச் இஞ்சினை யாரோ ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். அவள் மூடியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்:

"எந்தக் கை?"

"என்னது?"

"எந்தக் கையத் தூக்குனாரு அப்பா?"

அருமைநாதன் யோசித்தார். "இடது கை. ஆமா, இடதுதான்."

"அவருக்கு வலது கைல ரெண்டு விரல் கெடையாதே, லேத்துல போனது. நாலு பேர் முன்னாடி அந்தக் கைய வெளிய எடுக்கவே மாட்டாரு, பாக்கெட்லயே இருக்கும். என் கல்யாணத்துல இருந்திருந்தா ஆசீர்வாதம்கூட எடது கைலதான் பண்ணியிருப்பாரு." மூக்கை உறிஞ்சினாள், சொம்பை வாங்கிக்கொண்டாள். "சரி. எறங்குங்க. இந்தத் திரை விஷயத்த இப்ப அவங்ககிட்ட யாரு சொல்றது? நான் சொன்னா எனக்காகக் கேக்கறேம்பாங்க."

"நான் சொல்றேன்."

"சின்னதப் பத்திப் பேச்சுப் பேச ஆரம்பிச்சுடாதீங்க."

அவளுடைய தோளைப் பிடித்து இறங்கினார், கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன, புல்லின் மேல் பொம்மை மாதிரி நடந்தார். கொட்டகை நிழலில் பத்துப் பேரும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைப் பார்த்ததும் குரல் அடிவயிற்றுக்கு இறங்கத் தயாராயிற்று, தோழர்களே என்று ஒரு சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, அதை விழுங்கினார். "காலைல நான் ஓட்டெடுத்த விதம் தப்பு" என்றார். "மேஜைல வெச்சுக் காட்டினேன். கூடவே பேசினேன். ரெண்டும் தப்பு. கிளைடர் வெயில்லதான் நிக்குது. ஒவ்வொருத்தரா தனியாப் போய் உள்ள உக்காந்து, மூடியச் சாத்திக்கிட்டு, ரெண்டையும் நெடுக்கா வெச்சுப் பாருங்க. உங்க கண்ணாடியோடயும் பாருங்க, இன்பத்தோட கண்ணாடியோடயும் பாருங்க, ஏன்னா பறக்கப்போறது அவ. பாத்துட்டு வந்து ஒரு சீட்டுல எழுதி டாக்டர்கிட்டக் குடுங்க. பேர் வேண்டாம்."

"தோழர், ஒருவாட்டி போட்ட ஓட்ட நீங்களே கலைக்கிறீங்களா?" டாக்டர் வாயில் சோற்றோடு கேட்டார். "இதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"தெரியும் டாக்டர். அந்தப் பேரெல்லாம் நான்தான் மத்தவங்களுக்கு வெச்சேன்."

யாரோ சிரித்தார்கள். கம்ப்யூட்டர் பையன் ஒருத்தன் முனகிக்கொண்டே எழுந்து முதலில் போனான். அருமைநாதனுக்கு அங்கே நிற்கக்கூடாது என்று தோன்றியது, தன் முகம் அங்கே இருக்கக்கூடாது, மூடியைத் திறந்து வருகிறவன் முதலில் பார்ப்பது இந்த முகத்தைத்தான், இந்த முகத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்துத்தான் அவன் எழுதுவான். தண்ணீர்த் தொட்டிவரைக்கும் நடந்துபோய், கிளைடருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காட்டைப் பார்த்து நின்றார். தூரத்தில் நீலமாகக் கிடந்தது காடு. முதுகுக்குப் பின்னால் மூடி திறக்கும் சத்தம், சாத்தும் சத்தம், பேச்சு, மறுபடி மூடி. எண்ண ஆரம்பித்தார், நாலுக்கு மேல் எண்ணிக்கை தவறிற்று, திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, நாற்பது வருடமாகக் கூட்டத்துக்கு முன்னால் நின்றே பழகிய கழுத்து. முதுகைக் காட்டி நிற்பது எவ்வளவு கனமாக இருக்கிறது. நிழல் இல்லை, தொட்டியின் இரும்பு சுட்டது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று உட்காரவில்லை. சின்னது தோற்றால்? தோற்றால் கையெழுத்துப் போட மாட்டார், படிவத்தைக் கிழித்து டாக்டர் கையில் கொடுப்பார், அத்தோடு இந்தக் கிளப்பும் முடிந்தது, போகட்டும், போன இடங்களின் வரிசையில் இது ஒன்றும் பெரியதில்லை, ஆனால் அவள் பறந்துவிடுவாளே, இவர் கையெழுத்து இல்லாமலும் பறந்துவிடுவாளே.

ரோட்டுப் பக்கம் வேன் ஹாரன் கேட்டது. அதற்கப்புறம் டாக்டரின் குரல், கடுப்போடு: "தோழர், திரும்பலாம்! சின்னதுக்கு ஏழு, பெருசுக்கு நாலு!"

திரும்பினார். கொட்டகை வரைக்கும் நடந்து வருவதற்குள் மனசு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, நாலு பேர், யார் அந்த நாலு பேர், டாக்டர் ஒன்று, அந்தக் கம்ப்யூட்டர் பையன் ஒன்று, மூன்றாவது கிளப்பில் இருக்கிற ரிட்டையர்டு மேஜராக இருக்கும், நாலாவது? ஒவ்வொரு முகமாகப் பார்க்கக் கண் போயிற்று, சங்கத்து நாட்களில் எதிர்த்தவர்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்ட சின்ன நோட்டுப் புத்தகம் இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது என்பது போலக் கைகூட ஒருமுறை அங்கே போய்த் தடவிற்று. டாக்டர் படிவத்தை நீட்டினார். மேஜை மேல் பதினொரு சீட்டும் குவித்துக் கிடந்தன, கையெழுத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று அவரால் சொல்லிவிட முடியும். சீட்டுகளை ஒரு கையால் வழித்து எடுத்துப் பார்க்காமல் கசக்கி, புளியோதரைத் தட்டுகள் கிடந்த கூடையில் போட்டார். பேனாவை வாங்கி, ஏழு, நான்கு என்று எழுத்திலேயே எழுதிக் கீழே கையெழுத்திட்டார். வேன்காரன் வாசலில் வந்து நின்று, "எந்தப் பொட்டி சார் எனக்கு?" என்றான்.

"பெருசு" என்றார் அருமைநாதன். "அழகாத்தான் இருக்கு. பாத்துக் கொண்டு போ."